பெட்ரோல் பிக்கப்பை மின்வண்டியாக மாற்றி ஓட்டிய அனுபவம்

திருமங்கலத்துக்கு மேற்கே உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு மல்லிகையும், சில நாட்களில் தேங்காய் மூட்டைகளும் ஏற்றிச் செல்லும் சிறிய பெட்ரோல் பிக்கப்பை வீட்டு ஷெட்டிலேயே மின்வண்டியாக மாற்றினோம். அதன் பிறகு இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் அனைத்தையும் எங்கள் ஊர் மெக்கானிக்கும் நானும் கழற்றி இறக்கினோம். மோட்டாரையும் பேட்டரியையும், மாற்றத்துக்கான பாகத் தொகுப்பை (கிட்) தந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணியாளர்கள் வந்து பொருத்தினார்கள். மின்வண்டி மாற்றக் கிட்டுகளுக்கான ஏ.ஐ.எஸ்.-123 என்ற இந்தியத் தரவிதிப்படி ஒப்புதல் பெற்ற கிட்டைப் பொருத்தி, ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) எரிபொருள் வகையையும் மாற்றிய பிறகே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.

பேட்டரியில் 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 24 தொடராக இணைக்கப்பட்டுள்ளன. 76.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. அதாவது 15 யூனிட்டுக்குச் சற்று அதிகம். பூக்கூடைகளோடு போய் வெறும் வண்டியாகத் திரும்பும் நாளில் யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் கிடைக்கிறது. கப்பலூரிலிருந்து சுற்றுச்சாலையில் ஏறி 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அந்தக் கணக்கு நிற்காது. 50-இல் போவதைவிடக் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடுவதால், திரும்பி வரும்போது மீதமிருக்கும் சார்ஜில் அது நன்றாகவே தெரிகிறது. பழைய கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டது நல்ல முடிவு. தேங்காய் லோடோடு மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியர் மோட்டாரின் சூட்டைக் குறைக்கிறது.

இவ்வகை செல்களின் வோல்டேஜைப் பார்த்து மீதமுள்ள சார்ஜைக் கணிக்க முடியாது. சார்ஜ் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரை இருக்கும்போது வோல்டேஜ் பெரிதாக மாறாது. ஆகவே உள்ளே வரும், வெளியே போகும் ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மீட்டர் கட்டாயம் வேண்டும். மதுரைப் பக்கத்து வெயிலில், முழு சார்ஜோடு வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினால் செல்களின் ஆயுள் குறையும். பகலில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, பேட்டரிப் பெட்டி ஆறிய பிறகு இரவில்தான் சார்ஜ் போடுகிறோம். விடியுமுன் பூச்சந்தைக்குக் கிளம்ப வேண்டிய எங்களுக்கு அதுவே வசதியான நேரமும்கூட.

மோட்டாரைப் பற்றிச் சொல்லும்படியான குறை எதுவும் இல்லை. கவனம் கேட்பவை அதைச் சுற்றியுள்ள சிறிய பாகங்கள்தான். தோட்டத்து மண்பாதையின் குலுக்கலில் கேபிள் லக்குகளின் (கேபிள் முனையில் உள்ள உலோக இணைப்புகளின்) போல்ட்டுகள் மெல்லத் தளர்கின்றன. ஒரு மூட்டில் 1 மில்லி ஓம் மின்தடை கூடினாலும், 200 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரே இடத்தில் 40 வாட் வெப்பம் உண்டாகும். லக்கை ஒட்டிய ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) நிறம் மங்கிச் சுருங்கியிருந்தால் அதுதான் முதல் அடையாளம். ஆகவே சுமை ஓட்டம் முடிந்து வந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியை ஒவ்வொரு மூட்டின்மீதும் காட்டிப் பார்த்து, மற்றவற்றைவிடச் சூடாக இருப்பதை, பேட்டரி இணைப்பைத் துண்டித்த பிறகு, சரியான அளவு இறுக்கம் தரும் டார்க் ரெஞ்சால் முடுக்குகிறோம்.

பிரேக்கும் அவ்வளவே முக்கியம். எஞ்சின் இருந்தவரை, மிதியை அழுத்தும் நம் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை அதுவே தந்தது. இப்போது அதைத் தருவது 12 வோல்ட்டில் ஓடும் சிறு பம்பு. ஹோஸில் கசிவு ஏற்பட்டால் பம்பு ஓயாமல் ஓடிச் சூடேறும். நின்றுபோனாலோ, மிதியை முழு பலத்தோடு அழுத்தினால்தான் வண்டி நிற்கும். வெற்றிடத்தைச் சேமிக்கும் சிறு தொட்டியும், அது குறைந்தால் டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கும் பொருத்தாத வண்டியில் லோடு ஏற்ற நான் யாருக்கும் சம்மதம் சொல்ல மாட்டேன்.