மல்ச்சிங் ஷீட்: சாதா கருப்பா, மக்கும்னு விக்கிறதா, ராகித் தாளா?

ராயக்கோட்டை பக்கம் எங்க தக்காளித் தோட்டத்துல நாலு வருஷமா மல்ச்சிங் ஷீட் (பாத்தி மேல மண்ண மூடி விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்) தான், களை கம்மி, தண்ணி மிச்சம், அதுல குறையே இல்ல. ஆனா போன தடவ உழும்போது ரோட்டவேட்டர் கத்தியில சுத்திக்கிட்டு வந்த கந்தலப் பாத்ததும் மனசு கேக்கல.

மேல சில்வர் கீழ கருப்பா வர்ற சாதா ஷீட் பாலிஎத்திலீன். அதோட சங்கிலி முழுக்க கார்பனோட கார்பன் கோத்தது, மண்ணுல இருக்குற நுண்ணுயிருக்கு கடிச்சு அறுக்க தோதான இடமே கிடையாது. வெயிலோட புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேந்து தான் அறுக்கணும், ஆனா பாத்தி ஓரத்துல மண்ணு போட்டு மூடுன பகுதிக்கு வெயிலே படாதே, அது பல வருஷம் அப்படியே கிடக்கும். இதைத்தான் வாங்குறீங்கன்னா 25 மைக்ரான் கனத்தை விட 30 வாங்குங்க, கிழியாம சுருட்டி எடுக்கலாம்.

அடுத்தது ஆக்சோ வகை. கடையில இதையும் மக்கும்னு சொல்லித்தான் எங்ககிட்ட வித்தாங்க, எனக்கு ரொம்ப கோவம் இதுமேல தான். அதே பாலிஎத்திலீன்ல கோபால்ட், மாங்கனீஸ் மாதிரி உலோக உப்பு கலந்தது, சீக்கிரம் பொடிஞ்சிடும், பொடிஞ்சத பொறுக்கவும் முடியாது, மண்ணோட மண்ணா கலந்து நிக்கும். ஐரோப்பிய யூனியன்ல 2019ல சட்டம் போட்டு 2021 ஜூலைலேருந்து இதை விக்கவே கூடாதுன்னுட்டாங்க.

உண்மையிலேயே மக்குறது பிபிஏடிங்கிற வேற வகை பிளாஸ்டிக் கலந்த ஷீட். இதுல எஸ்டர் கண்ணி இருக்கு, பூஞ்சையும் பாக்டீரியாவும் விடுற நொதி அங்க தான் வெட்டும், வெட்டுன துண்ட தின்னு கார்பன் டை ஆக்சைடா விட்டுரும். இதுக்கு ஈஎன் 17033னு 2018ல வந்த ஐரோப்பிய தரம் இருக்கு, மண்ணுல 2 வருஷத்துக்குள்ள 90 சதவீதம் அப்படி மாறணும். கம்போஸ்டபிள்னு மட்டும் போட்டிருந்தா ஏமாறாதீங்க, அது 58 டிகிரி சூடு நாள் கணக்கா நிக்கிற கம்போஸ்ட் குவியலுக்கான கணக்கு, பிஎல்ஏங்கிற செடி மாவு, சர்க்கரையில செய்யுற பிளாஸ்டிக் அந்த சூட்டுல தான் வேகமா உடையும், நம்ம சித்திரை வெயில்லயும் வேர் மட்டத்துல அவ்வளவு சூடு வராது. பிபிஏடி ஷீட் விலை ஜாஸ்தி தான், ஆனா சுருட்டி எடுக்குற கூலி மிச்சம்.

மா மரத்தடிக்கு ஷீட்டே வேணாம், ராகித் தாளு (ராகி வைக்கோல்), கரும்பு சோகை போதும், வருஷா வருஷம் மேல போட்டுக்கிட்டே இருக்கணும், கரையான் மட்டும் பாத்துக்கணும். தக்காளிக்கு வர்ற நடவுல ரெண்டு பாத்தி பிபிஏடி, மீதி 30 மைக்ரான் போடப்போறோம், கடைசிப் பறிப்பு முடிஞ்ச மறுநாளே ஓரத்து மண்ண தள்ளி முழுசா எடுத்துடணும்னு இப்பவே ஆள் சொல்லி வச்சாச்சு.