கோழி முட்டையா, சீப்ரா மீனா?

உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு முளைய விருத்தியைக் காட்ட யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டுபவை இரண்டு. ஒன்று சேவலோடு திரியும் ஊர்க்கோழியின் முட்டை (கடை முட்டை பெரும்பாலும் கருக்கட்டாதது, சரிவராது). மற்றது மீன்தொட்டிக் கடைச் சீப்ரா மீன்.

கலங்கள் இடம்பெயர்வதைப் பார்க்க மீன்தான். முளையம் கண்ணாடிபோலத் தெளிவு. கருக்கட்டி ஏறத்தாழ 5 மணி நேரத்தில் கலங்கள் மஞ்சட்கருவைப் போர்த்தியபடி கீழிறங்கும். விளிம்பில் உள்ளவை உட்சுருண்டு மேலேறும். 24 மணி நேரத்தில் தலையும் வாலும் தெரியும். ஆய்வுகூடங்கள் பேணும் 28.5 பாகை செல்சியஸ், எங்கள் ஊரில் ஹீட்டர் இல்லாமலே கிட்டத்தட்டக் கிடைக்கும். தாய்மீன் முட்டையைத் தின்னும். அடியில் வலை போடுங்கோ.

கோழியில் இந்த ஓட்டமெல்லாம் அடைவைத்த முதல் நாளிலேயே, ஓட்டுக்குள் முடிந்துவிடும். மூன்றாம் நாள் திறந்தால் இதயம் துடிப்பது தெரியும், பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். ஆனால் பயணம் முடிந்த கதை அது.

இருந்தாலும் எந்தக் கலம் என்னவாகிறது என்பதற்குக் கோழியே ஆசான். மேற்பரப்புக் கலங்கள் நடுக்கோட்டில் திரண்டு உள்ளே இறங்கும். முந்தியவை குடற்படையாகும், பிந்தியவை தசையும் இதயமுமாகும், மேலே நின்றவை தோலும் நரம்பும். மனிதரிலும் இதே ஒழுங்கு. பிரான்சின் நிக்கோல் லெ துவாரின் என்ற முளையவியலாளர் காடைக் கலங்களைக் கோழி முளையத்தில் ஒட்டி, நரம்பு முகட்டுக் கலங்கள் (நரம்புக் குழாயின் மேல்விளிம்பிலிருந்து பிரிந்து உடலெங்கும் பரவுபவை) நிறக்கலமாகவும் முகக் கசியிழையமாகவும் மாறுவதைத் தடம்பிடித்தார். மீனின் நீலக்கோடுகளும் அதே கலங்களின் வேலைதான்.

ஒன்றுதான் முடியுமென்றால், நுணுக்குக்காட்டி இருக்கிற பள்ளிக்கூடம் மீனை எடுக்கட்டும்.