கருப்பைவாய்ப் புற்றுநோய்: அமிலச் சோதனையா, எச்பிவி சோதனையா?

கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பது) தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும், முடிவு அங்கேயே. மதுரைக்குப் பக்கத்திலே திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு (2007) இறப்பு 35 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. உலகத்துக்கே நம் பக்கத்துப் பெண்கள் தந்த சான்று இது! ஆனால் பார்ப்பவர் கண்ணை நம்பிய சோதனை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அவ்வளவாகச் சரிப்படாது.

எச்பிவி என்பது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ். அது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு மாதிரியைப் பெண்ணே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சப்படுகிற அக்காமார்களுக்கு இது பெரிய விஷயம். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில் (2009) ஒரே ஒரு முறை சோதித்ததிலேயே இறப்பு ஏறக்குறைய பாதியானது. செலவு கூடுதல், ஆய்வகமும் வேண்டும்.

வசதி இருந்தால் எச்பிவிதான் என் தேர்வு. உசிலம்பட்டிப் பக்கம் முடிவு சொல்ல மறுபடி வரவழைப்பது சிரமம் என்றால், அமிலச் சோதனையை இன்றே செய்துவிடுங்கள்.