சட்டக் கல்லூரிச் சேர்க்கை வாய்ப்பைக் கணிக்கும் இணையச் சேவை: எல்சாட்டில் நம்பலாம், ஜிபிஏவில் கவனம் தேவை

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கு என் மகள் விண்ணப்பித்த பருவத்தில், நுழைவுத் தேர்வான எல்சாட்டின் மதிப்பெண்ணையும், இளங்கலைப் பாடத் தரங்களின் சராசரிப் புள்ளியான ஜிபிஏவையும் உள்ளிட்டால் ஒவ்வொரு கல்லூரியிலும் இடம் கிடைக்கும் வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்லும் கட்டணச் சேவை ஒன்றைப் பயன்படுத்தினோம்.

எல்சாட்டைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதிப்படி கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் 25, 50, 75ஆம் சதமான மதிப்பெண்களை (சேர்ந்த மாணவர்களில் அத்தனை சதவீதத்தினர் எந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கிறார்கள் என்பதை) சேவை அருகிலேயே காட்டுகிறது. 120 முதல் 180 வரையிலான அளவுகோலில் 165 மிக நல்ல மதிப்பெண்தான் என்றாலும், ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களில் நடுமதிப்பு 170ஐத் தாண்டி நிற்பதை அந்தப் பக்கத்தில் பார்த்த பிறகே, மீண்டும் ஒருமுறை தேர்வெழுத என் மகள் முடிவு செய்தாள். 2024 ஆகஸ்டில் தர்க்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டதால் பழைய வடிவ மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணை உள்ளிட வேண்டாம் என்ற எச்சரிக்கையும் பயனுள்ளது.

ஜிபிஏவில்தான் சேவை எங்களைத் தவறாக வழிநடத்தியது. பல்கலைக்கழகச் சான்றில் உள்ள எண்ணை அது அப்படியே கேட்கிறது; சட்டக் கல்லூரிகளோ, எல்சாட்டை நடத்தும் அமைப்பு தன் விதிகளின்படி மறுபடி கணக்கிட்ட எண்ணைப் பார்க்கின்றன. அந்தக் கணக்கில் 'ஏ பிளஸ்' தரத்துக்கு 4.33 கிடைக்கும், திரும்பப் படித்த பாடத்தின் இரண்டு தரங்களும் சான்றில் இருந்தால் இரண்டும் சேரும். என் மகள் முதலாண்டு வேதியியலில் 'டி' வாங்கி மறுபடி படித்தவள். பல்கலைக்கழகம் பழைய தரத்தை விட்டுவிட்டு 3.86 என்றது, மறுகணக்கில் அது 3.77 ஆனது. அந்த எண்ணை உள்ளிட்டதும் அவள் மிகவும் விரும்பிய கல்லூரியின் சதவீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்குள் விண்ணப்பப் பட்டியலை முடித்திருந்தோம் என்பதுதான் வருத்தம்.

அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே பட்டம் பெற்றவர்களுக்கு இது இன்னும் பொருந்தாது. அவர்களுக்கு அந்த அமைப்பு ஜிபிஏ எண் தருவதில்லை. தரநிலை மதிப்பீடு மட்டுமே தருகிறது. இந்தச் சேவையிலோ ஜிபிஏ கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது.

எல்சாட் உயர்ந்தும் ஜிபிஏ தாழ்ந்தும் இருப்பவர்களுக்கு அது தனிக் கணிப்பு தருவதைப் பாராட்ட வேண்டும். மறுகணக்கிட்ட ஜிபிஏ அறிக்கை கைக்கு வந்த பிறகு கட்டணம் செலுத்துங்கள். அதற்கு முன் வேண்டாம்.