டன்லூஸ் கோட்டை: கடலூர், பாண்டில இருந்து போறவங்களுக்கு

நம்ம கடலூர், பாண்டி பக்கம் நெறைய வீட்ல இப்ப புள்ளைங்க டப்ளின், பெல்ஃபாஸ்ட்னு இருக்குதுங்க. அவங்கள பாக்கப் போற அப்பா அம்மாங்க டன்லூஸ மட்டும் விட்டுடாதீங்க. தங்கச்சி வீட்டுக்கு அம்மாவ கூட்டிட்டுப் போனப்ப பாத்தது, மனசு இன்னும் அங்கயேதான் இருக்கு.

மொதல்ல விசா. இது இருக்கறது வட அயர்லாந்துல, ஆன்ட்ரிம் கடற்கரை, அதாவது யுகே. டப்ளின் இருக்கற அயர்லாந்து வேற நாடு. பார்டர் தெரியாமயே பஸ் தாண்டிடும், ஆனா நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். அயர்லாந்து டூரிஸ்ட் விசாவுல பிஐவிஎஸ்னு (அயர்லாந்து, யுகே ரெண்டுக்கும் சேத்து செல்லுபடியாகற விசா ஏற்பாடு) போட்டிருந்தா அதுலயே போலாம், அங்க படிக்கற புள்ளைங்க தனியா யுகே விசா எடுக்கணும். காசும் யூரோ இல்ல, பவுண்டு.

கடலுக்குள்ள நீட்டிட்டு நிக்கற கரும்பாறை, அது மேல கோட்டை, நடுவுல பள்ளம், உள்ள போக சின்ன பாலம்தான் வழி. 1500 வாக்குல மக்குவிலன் குடும்பம் கட்டுன உருண்டை கோபுரம் இன்னும் நிக்குது, பின்னாடி மக்டொனல் குடும்பம் புடிச்சு உள்ள மாளிகையே கட்டிட்டாங்க. இப்ப கூரையே கெடையாது, சன்னல் ஓட்டைல எட்டிப் பாத்தா நேரா கடல்தான். எனக்கு ரொம்ப புடிச்சதே இதான், புதுசா எதையும் கட்டி வெக்காம, இடிஞ்சத இடிஞ்சபடியே பத்திரமா வெச்சிருக்காங்க. 1639ல ஒரு புயல் ராத்திரி சமையல்கட்டு ஆளுங்களோட கடல்ல விழுந்துச்சுன்னு ஒரு கத சொல்லுவாங்க, ஆனா வடக்கு சுவர் சரிஞ்சது 18ஆம் நூற்றாண்டுலதான். அந்த ஓரத்துல நின்னப்ப அம்மா என் கைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு "தானே புயலன்னிக்கு இப்டிதான்டா சத்தம் கேட்டுச்சு"ன்னாங்க. சாதாரண நாள் காத்துக்கே அப்டி, குடையெல்லாம் வேலைக்கு ஆகாது, குல்லா வெச்ச மழை கோட்டு எடுத்துக்கங்க. கல்லு மேடு பள்ளமா இருக்கும், மழை பேஞ்சா வழுக்கும், மூட்டு வலி இருக்கறவங்க பாத்து நடக்கணும்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் தூரத்து சொந்தம் ஒண்ணு இருக்கு. தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டைய 1758ல புடிச்சு தரைமட்டமாக்குன பிரெஞ்சு தளபதி லாலியோட அப்பா அயர்லாந்துக்காரர். இங்கிலீஷ்காரங்க கிழக்கிந்திய கம்பெனி 1690ல மராட்டியர்கிட்ட வாங்குன கோட்டை அது, பீரங்கி சுட்டு குண்டு விழுந்த எல்லை வரைக்கும் கிராமங்களையும் சேத்து எடுத்துக்கிட்டாங்க. அவ்ளோ வரலாறு இருக்கு, சில்வர் பீச் வர்றவங்கள்ல எத்தன பேருக்கு தெரியும் சொல்லுங்க? மிச்சம் இருக்கற சுவர டன்லூஸ் மாதிரி அப்டியே காப்பாத்தி, கத சொல்ல ஆள் வெச்சா நானே டிக்கெட் வாங்கி மொத ஆளா போவேன்.

1588ல ஸ்பெயின் கப்பல் ஜிரோனா டன்லூஸ் பக்கத்துல பாறைல மோதி உடஞ்சு, ஆயிரத்துக்கு மேல செத்துப் போனாங்க. அதோட பீரங்கிங்கள எடுத்து இந்த கோட்டைல வெச்சிக்கிட்டாங்களாம். 1967, 68ல கடலுக்கடியில கண்டுபுடிச்ச நகையெல்லாம் பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் மியூசியத்துல இருக்கு, அதுல செவப்புக்கல்லு பதிச்ச தங்க பல்லி மாதிரி ஒரு பதக்கம், வெரல் நீளம்கூட இருக்காது. என்ட்ரி ஃப்ரீ, கோட்டைய பாத்துட்டு அடுத்த நாள் அங்க போங்க.