கிருஷ்ணகிரியிலிருந்து கோல்ஃப் ஆடக் கிளம்பினால்: கொடைக்கானலா, ஊட்டியா, பெங்களூரா?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கோல்ஃப் ஆடுகிறவர்கள் சிறு கூட்டம்தான். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்து பழகிக்கொண்டவர்கள், பெங்களூரில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆனால் இருக்கும் இடத்தைப் பார்த்தால் நமக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. வடக்கே போனால் பெங்களூர். தெற்கே சேலம் தாண்டினால் ஒரு பக்கம் நீலகிரி, இன்னொரு பக்கம் பழனி மலை. லீவு போட்டு ஒரு பயணம் என்று பேச்சு எடுத்ததும் எங்கள் குழுவில் இந்த மூன்றுக்குள்தான் சண்டை. நான் எப்போதும் கொடைக்கானல் கட்சி. மற்ற இரண்டையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் பெங்களூரை முடித்துவிடுவோம். ஆட்டத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் நமக்குக் கிட்டத்தில் கிடையாது. பழைய விமான நிலையம் பக்கம் இருக்கும் கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானம் 18 ஹோல், அதாவது பந்தைப் போட 18 குழிகள். பார் 72, அதாவது நல்ல ஆட்டக்காரர் அத்தனையையும் 72 அடியில் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. தண்ணீர் நிறைய. பந்தை நேராக அடிக்கத் தெரியாதவரை அது சும்மா விடாது. கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ஐந்தாறு வயதில் பெற்றோரோடு காலைச் சாப்பாட்டுக்கு வந்த இடத்தில்தான் இந்த மைதானத்தை முதலில் பார்த்தார். அந்தக் குழந்தை 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை போனது. நகரத்தின் நடுவில் பெங்களூர் கோல்ஃப் கிளப் இருக்கிறது, 1876இல் தொடங்கியது. அங்கே மரங்களுக்கு நடுவில் நடப்பதே ஒரு சுகம்.

ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புவது என்ற கணக்கில் பெங்களூர் தோற்றுப்போகிறது. அத்திப்பள்ளி தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்று போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் வேலை பார்த்த அலுப்பு மனசுக்கு வந்துவிடும். 18 ஹோல் முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரும் வழியில் மறுபடியும் அதே சில்க் போர்டு. ஆட்டம் நினைவில் நிற்காது, டிராஃபிக்தான் நிற்கும்.

ஓசூரை ஒட்டியே க்ளோவர் கிரீன்ஸ் இருக்கிறது, அதுவும் 18 ஹோல். மார்கழிக் காலையில் பனி விலகும் நேரத்தில் அங்கே ஆடுவது அருமை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் என்பதால் கிருஷ்ணகிரி கொதிக்கும் ஏப்ரலிலும் காலை பத்து மணி வரை தாங்கும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆட்டம் துருப்பிடிக்காமல் இருக்க இதுதான் வழி. பயணம் என்று அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சரி, இப்போது மலைக்கு வருவோம்.

ஊட்டி மைதானம் ஃபிங்கர் போஸ்ட் பக்கம், ஊட்டி ஜிம்கானா கிளப்புக்குச் சொந்தமான ஆட்டக்களம். கொடைக்கானல் மைதானம் ஊரை விட்டு விலகி, தூண் பாறைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. அந்த கிளப் 1895இல் தொடங்கியது. இரண்டுமே 2,000 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்று லேசு, பந்து நீளமாகப் பறக்கும். கடற்கரை ஊரில் 100 யார்ட் போகும் அடி இங்கே ஏழெட்டு யார்ட் கூடுதலாகப் போகும். ஓசூரில் பழகியவருக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது, இருந்தாலும் வழக்கத்தைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் மட்டையை எடுப்பது நல்லது. இதுவரை இரண்டும் சமம்.

வித்தியாசம் தரையில் இருக்கிறது. ஊட்டியில் தரை அலை அலையாகப் போகும், கண்ணுக்கு எட்டும் தூரம் பரந்து கிடக்கும். ஆனால் ஃபேர்வே எனும் புல் வெட்டிய ஆட்டப்பாதையின் ஓரத்தில் மஞ்சள் பூப் பூக்கும் முள்புதர்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த செடி, இப்போது நீலகிரி முழுக்கப் பரவிவிட்டது. பந்து அதற்குள் போனால் கையை விட முடியாது. பெனால்டி வாங்கிக்கொண்டு நகர வேண்டியதுதான். ஆகவே ஊட்டியில் ஆட்டம் ஜாக்கிரதையான ஆட்டம். பயந்து பயந்து நேராக அடிப்போம்.

கொடைக்கானலில் சமதரை என்ற ஒன்றே அபூர்வம். ஒரு அடியில் பந்து மேலே, கால் கீழே. அடுத்த அடியில் நேர்மாறு. வலது கைக்காரருக்குப் பந்து காலைவிட மேலே இருந்தால் இடது பக்கம் வளையும், கீழே இருந்தால் வலது பக்கம் ஓடும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, சரிவில் நின்று உடம்பால் கணக்குப் போடுவது வேறு. கிரீனில், அதாவது ஹோலைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், இன்னொரு வேடிக்கை. கண்ணுக்கு மேடாகத் தெரியும் இடத்தில் பந்து இறங்கும். என் பையைத் தூக்கி வந்த கேடி அண்ணன் ஒருமுறை கொடியைப் பார்க்கவே இல்லை, பின்னால் இருந்த மலையைத்தான் பார்த்தார். "சார், மலை எந்தப் பக்கம்னு பாத்துக்கங்க, பந்து அதுக்கு எதிர்ப்பக்கம் போகும்" என்றார். ஹோலுக்கு இடது பக்கம் ஒரு முழம் தள்ளிக் குச்சியால் புள்ளி காட்டினார். அங்கே அடித்தேன். பந்து யோசிக்கிற மாதிரி மெதுவாகத் திரும்பி, ஓரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. அந்த மனிதர் இல்லாமல் அந்த மைதானத்தில் ஆடுவது பாதி ஆட்டம். ஆகவே அங்கே போகிறவர்கள் கேடி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் காட்டெருமை. கொடைக்கானல் மைதானத்தில் இவை சர்வ சாதாரணமாக மேயும். ஃபேர்வே நடுவில் கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிறம். அது நகரும் வரை நாமும் நிற்க வேண்டும். கை தட்டுவது, கத்துவது, போட்டோவுக்குக் கிட்டே போவது எல்லாம் கூடவே கூடாது. அங்கே நாம்தான் விருந்தாளி. அது பந்தைத் தள்ளிவிட்டால் பழைய இடத்திலேயே வைத்து ஆடலாம், பெனால்டி கிடையாது. கிரீனில் அதன் குளம்புத் தடம் பதிந்திருந்தால் சரிசெய்துவிட்டு பந்தை ஹோலுக்கு உருட்ட விதி அனுமதிக்கிறது. ஃபேர்வேயில் அந்தச் சலுகை கிடையாது, பந்து தடத்துக்குள் விழுந்தால் அப்படியே அடிக்க வேண்டும். இப்படிக் காத்து நிற்கும் நேரத்தில்தான் கூட வந்தவர்களோடு உண்மையான பேச்சு நடக்கிறது. அலுவலகத்தில் பல வருடம் பேசாததை அந்தக் கால் மணி நேரத்தில் பேசியிருக்கிறோம். நான் கொடைக்கானலுக்கு ஓட்டுப் போட முதல் காரணம் இதுதான்.

எப்போது போவது என்பதிலும் இரண்டும் ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஊட்டி நனைந்து கிடக்கும். கொடைக்கானலுக்கு மழை அதிகம் ஐப்பசி, கார்த்திகையில். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலை உறைபனி விழும். புல் வெள்ளையாக இருக்கும்போது மிதித்தால் நுனி உடைந்து, அப்புறம் கால் தடம் கருப்பாகத் தெரியும். வெயில் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் ஆறு மணிக்கே தயாராகி நிற்பதில் பயன் இல்லை. கொடைக்கானலில் சிக்கல் மதியம்தான். மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கினால் எதிரே இருக்கும் கொடியே தெரியாது. அங்கே காலையில் ஆடி முடிப்பது புத்திசாலித்தனம்.

பாதையில் ஊட்டிக்குக் கொஞ்சம் கை ஓங்கும். ஓசூர்க்காரர்கள் மைசூர், பந்திப்பூர் வழியாகப் போய்விடலாம், இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை காட்டுப் பாதை மூடியிருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கொடைக்கானலுக்கு கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று 350 கிலோமீட்டருக்கு மேல். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே அவசரம் வேண்டாம். இரண்டு மலைக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வந்துவிட்டது, கிளம்பும் முன்பே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளப்புக்கும் முன்கூட்டியே போன் போட்டு, வெளியாட்களை எந்த நாளில் அனுமதிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். காலர் வைத்த சட்டை அவசியம், ஜீன்ஸ் வேண்டாம்.

ஆடாதவர்கள் கூட வந்தால் நான் கட்சி மாறிவிடுவேன். மனைவியும் பிள்ளைகளும் ஊட்டியில் மலை ரயில், தாவரவியல் பூங்கா, வர்க்கி வாங்கக் கடைத்தெரு என்று நாளைக் கழித்துவிடுவார்கள். நாம் மைதானத்தில் இருப்பது யாருக்கும் பாரமில்லை. திரும்பும் வழியில் ஆசை தீராதவர்களுக்குக் குன்னூர் பக்கம் வெலிங்டன் ஜிம்கானா மைதானமும் இருக்கிறது. கொடைக்கானலில் மைதானம் ஊருக்கு வெளியே என்பதால் கார் ஒன்றுதான் இருந்தால் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டி வரும். ஆகவே குடும்பத்தோடு போகும் மே மாத லீவுக்கு ஊட்டி. நாலு பேர் மட்டும் கிளம்பும்போது, பிப்ரவரியில், மாமரம் பூத்திருக்கும் கிருஷ்ணகிரியை விட்டுவிட்டு கொடைக்கானல்.