ஆல்ஃபா-1 குறைபாட்டுக்கான 14 மாறுபாட்டுச் சோதனை: அறிக்கையில் வரும் 'எம்' எப்போதும் எம் அல்ல

புரோஜெனிகா நிறுவனத்தின் ஏ1ஏடி ஜீனோடைப்பிங் சோதனை, அதாவது ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் (ஏ1ஏடி) புரதத்துக்கான மரபணுவில் மாறுபாடுகளைத் தேடும் சோதனை, நல்ல சோதனைதான். ஆனால் ரத்தத்தில் உள்ள அந்தப் புரதத்தின் அளவைப் பக்கத்தில் வைக்காமல் இதன் அறிக்கையை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம்.

ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் கலக்கும் புரதம். நுரையீரல் திசுவை எலாஸ்டேஸ் நொதி அரித்துவிடாமல் காப்பது இதன் முக்கிய வேலை. இது குறைந்துபோவதே ஆல்ஃபா-1 குறைபாடு. 14ஆம் குரோமோசோமில் உள்ள செர்ப்பினா1 மரபணுதான் இதற்கு அச்சு. தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என இதன் இரண்டு பிரதிகள் நம்மிடம் உண்டு. இயல்பான வகைக்குப் பெயர் 'எம்'. புரதத்தின் 342ஆவது இடத்தில் குளுட்டமிக் அமிலம் போய் லைசின் வந்தால் அது இசட் வகை. இசட் புரதம் சரியாக மடியாமல், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கல்லீரல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடும். கல்லீரல் கெடுவது இந்தத் தேக்கத்தால்; நுரையீரல் கெடுவது வெளியே வரும் புரதம் போதாததால்.

இந்தச் சோதனை பரவலாகக் காணப்படும் எஸ், இசட் என்ற இரண்டு குறைபாட்டு வகைகளோடு நிற்காமல் எம்மால்டன், சியியாமா போன்ற அரிய வகைகள், புரதமே உருவாகாத சில 'நல்' (null) வகைகள் என மொத்தம் 14 மாறுபாடுகளைத் தேடுகிறது. எஸ், இசட் மட்டும் பார்க்கும் பழைய சோதனைகளைவிட இது பெரிய முன்னேற்றம்.

கோளாறு எங்கே வரும்? பட்டியலில் உள்ள எதுவும் அகப்படாவிட்டால் அந்தப் பிரதி 'எம்' என்றே கொள்ளப்படும். ஒருவருக்கு ஒரு பக்கம் இசட், மறுபக்கம் பட்டியலில் இல்லாத நல் வகை என்று வையுங்கள். அறிக்கை 'எம்இசட்' என்று வரும். நோயாளியும் தான் வெறும் கடத்துநர், அதாவது ஒரு பிரதியில் மட்டும் குறை உள்ளவர் என்று நிம்மதியாகப் போய்விடுவார். அவருடைய புரத அளவு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அது எம்இசட்டுக்குப் பொருந்தாது. உடனே செர்ப்பினா1 மரபணுவை முழுவதும் படிக்கும் வரிசையாக்கம் கேளுங்கள்.

அளவு பார்க்கும்போது சிஆர்பியையும் (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம்) சேர்த்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல், அழற்சி, கர்ப்பம் எல்லாமே இந்தப் புரதத்தை ஏற்றிவிடும். எம்இசட் ஆள்கூட அப்போது இயல்பாகத் தெரிவார்.

மாதிரி விஷயத்தில் ஒன்று. அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்தால் வட்டம் முழுக்க நிறையட்டும், நன்றாகக் காய்ந்த பிறகே உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதையும், சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

கல்லீரல் மாற்று சிகிச்சை செய்தவருக்கு அளவு இயல்பாகவும் மரபணு முடிவு 'இசட்இசட்' என்றும் வந்தால் ஆய்வகத்தின் மேல் குறை சொல்ல வேண்டாம். புதிய கல்லீரல் எம் புரதத்தைத் தருகிறது. அவருடைய சொந்த டிஎன்ஏ மாறவில்லை. பிள்ளைகளுக்குப் போவதும் அந்த இசட்தான்.